தவசியின் கிணறு

பொன்னாடை கழுத்தில் அரிக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் போர்த்திய துறைத்தலைவர் அம்மா மைக் முன்னால் நின்று என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் திரும்பிப் பார்த்தால் மனசு கஷ்டப்படும், இருக்கட்டும், அரிக்கட்டும், இன்றைக்கு எனக்கு அரிப்பதில் ஒரு அநியாயமும் இல்லை. மூன்றாவது வரிசையில் சுவர் ஓரமாகத் தவசி உட்கார்ந்திருக்கிறான். தவசிதானா என்று நாலு தடவை பார்த்தாயிற்று. தலை முழுக்க நரைத்துவிட்டது, உடம்பு போட்டுவிட்டது, ஆனால் காது அதே காது, கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு, யார் பேசினாலும் ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல் நிற்கிற காது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் வராந்தாவில் ஜெசிந்தா சொன்னாள். என் பழைய மாணவி, என் புத்தகத்தை இரண்டு வருஷம் உட்கார்ந்து தமிழாக்கியவள், முகமெல்லாம் சிரிப்பு. முதல் பிரதி யார் வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே சார், உங்கள் புத்தகத்து நன்றியுரையின் கடைசி வரியிலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். கடைசி வரி எனக்கு மனப்பாடம். ‘விடுதி அறைத்தோழன் தவசிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக.’ என்ன ஞாயிற்றுக்கிழமை, எதற்காக நன்றி, ஒரு பயலும் கேட்டதில்லை. கேட்காதபடிக்குத்தான் அப்படி எழுதினேன். திருடின வீட்டு வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற மாதிரி. தேனிப் பக்கத்தில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறாராம் சார், போன வாரமே புத்தகத்தை அனுப்பிவிட்டேன், முழுக்கப் படித்துவிட்டுப் போன் பண்ணினார் என்றாள். முழுக்கவா? என்று கேட்டேன். முழுக்க சார், முதல் அத்தியாயத்தை மட்டும் மூன்று தடவையாம். அப்புறம் முதல் படியிலேயே தடுக்கினேன். மேடை ஏறும்போது அந்தப் பெண்தான் கையைப் பிடித்துவிட்டாள், வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள் பாவம்.

துறைத்தலைவர் என் வாழ்க்கையை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். டெல்டா கிராமத்திலிருந்து கிளம்பி, இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்து, அங்கேயே இருந்துவிடாமல் திரும்பி வந்து, முப்பத்தோரு வருஷம் இதே கட்டிடத்தில், நிறமும் அனுபவமும் என்று ஒரு துறையையே இங்கே நட்டு வளர்த்தவர் பேராசிரியர் வைத்தியலிங்கம். நட்டவனுக்கு விதை எங்கேயிருந்து கிடைத்தது என்று கேளுங்களேன் அம்மா. கேட்க மாட்டார். இப்போது புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார், எல்லாரும் வருகிற இடம். ‘தோலும் தொலைவும்’ எப்படித் தொடங்குகிறது தெரியுமா, ஒரு வெளிநாட்டு நகரத்து நீச்சல்குளத்தில். இருபத்தேழு வயது இளைஞன், கறுத்த தேகம், தண்ணீரில் இறங்குகிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் முறைக்கவில்லை. ஒவ்வொருவராகப் படியேறிப் போகிறார்கள். மல்லாந்து மிதந்துகொண்டிருந்த ஒருவன் மட்டும் தெரியாமல் கிடக்கிறான், கண் திறந்து பார்க்கிறான், அவனும் போகிறான். அப்போது தண்ணீர் பெரிதாகிறது. மறுநாள் போனால் குளத்து வாசலில் பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது என்று பலகை. துறைத்தலைவர் சற்று நிறுத்துகிறார். இந்த இடத்தில் எல்லாருமே நிறுத்துவார்கள். ‘அப்போது தண்ணீர் பெரிதாகிறது’, இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் ஏழு கட்டுரைகள் வந்திருக்கின்றன என்கிறார். ஒன்பது. ஒதுக்கப்பட்ட உடம்பைச் சுற்றி இடம் எப்படி விரிகிறது, தொலைவு என்பது அளப்பதல்ல, சுமத்தப்படுவது, அது இது என்று ஒன்பது. அந்தப் பலகையைப் பற்றி ஒரு விமர்சகர், கற்பனையால் எட்ட முடியாத விவரம், பட்டவன் மட்டுமே எழுதக்கூடியது என்று எழுதினார். படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். எனக்கு அதில் ஒரு பொட்டுக்கூட நடக்கவில்லை.

நடந்தது தவசிக்கு. எம்.ஏ. முதல் வருஷம், விடுதிக்குப் பின்னால் துணி துவைக்கிற தொட்டி, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. அவனுக்கு இரண்டே சட்டை, ஒன்றை அலசிக்கொண்டிருந்தான், நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு டோபி உண்டு. தண்ணீரில் இறங்கு என்றேன் ஏதோ விளையாட்டுக்கு. இறங்க மாட்டேன் என்றான். அப்புறம் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான், என்னைப் பார்க்காமல், கையை நிறுத்தாமல். பதினோரு வயசாம். அம்மா களையெடுக்கப் போன தோட்டத்துக் கிணறு. வெயில். உள்ளே பையன்கள் குதித்து நீந்துகிறார்கள், சத்தம் காதைப் பிடுங்குகிறது, இவன் யோசிக்கவே இல்லை, ஓடிப்போய்க் குதித்துவிட்டான். ஒருத்தனும் திட்டவில்லையாம், அதுதான் அவனுக்குக் கடைசிவரைக்கும் புரியவில்லை, அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தானாம். அவர்கள் பாட்டுக்குப் படியேறினார்கள். மல்லாக்க மிதந்த ஒருத்தன் கடைசியாக. ஏறியவர்கள் படியிலேயே நின்றுகொண்டார்கள், படி நிறைய ஈரக்கால், அந்த வழியாக மேலே போக முடியாது, மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை தண்ணீரிலேயே கிடந்தான். ‘தண்ணி பெருசாயிட்டே போச்சு வைத்தி’ என்றான். மறுநாள் காலையிலிருந்து மோட்டார் ஓடியது, கிணறு தரை தட்டுகிற வரைக்கும். அம்மாவை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். சொல்லி முடித்துச் சட்டையை உதறிக் கொடியில் போட்டான். அப்போது நான் வாயைத் திறந்து என்ன சொன்னேன் தெரியுமா. ஐயோ, இதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ‘தவசி, இது அருமையான உதாரணம்டா’ என்றேன். உதாரணம். வகுப்பில் அந்த வாரம்தான் அனுபவம் என்றால் என்ன என்று நடத்தியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு, கெட்ட எண்ணமில்லை, சத்தியமாகக் கெட்ட எண்ணமில்லை, தத்துவம் படிக்கிறவனுக்கு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டால் எதிரில் நிற்கிற ஆள் மறைந்துபோவான், எங்கள் தொழிலின் நோய் அது. தவசி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் ஊரில் மூன்று குளம், எது யாருக்கு என்று பலகை கிடையாது, எல்லாருக்கும் தெரியும், பெரிய குளத்துப் படித்துறை எங்கள் தாத்தா கட்டியது. அதை அன்றைக்குத் தவசியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது உதாரணமாகத் தோன்றவில்லை.

இரண்டாவது வருஷம் அவன் வரவில்லை. அப்பா இறந்துவிட்டார், பரீட்சை எழுதி வேலைக்குப் போய்விட்டான். போகும்போது ‘நீயாவது முடிச்சிரு’ என்றான். எங்கள் இரண்டு பேரில் மூளை யாருக்கு என்று வாத்தியார்களுக்கே தெரியும். ஒரு கடிதம் போட்டான், நான் பதில் போடவில்லை, அப்புறம் இங்கிலாந்து. ஆராய்ச்சி வழிகாட்டி ஹார்வுட், நல்ல மனிதர், தங்கமான மனிதர், என் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை என்றார். அனுபவத்தை அனுபவிப்பவனின் இடத்தில் நின்று எழுதுவதுதான் இந்த ஆராய்ச்சி முறை, யாருக்கோ நடந்ததாக எழுதினால் அது செய்தி, நீ எங்கே இருக்கிறாய் இதில், இந்த ஊரில் உனக்கு ஒன்றும் நடக்கவில்லையா? கேட்டுவிட்டு அவ்வளவு கருணையோடு காத்திருந்தார். நடக்கவில்லை. அதுதான் அசிங்கம். பஸ்ஸில் ஒரு கிழவி பையை இழுத்து அணைத்துக்கொண்டாள், ஒரு பையன் ஏதோ கத்தினான், இவ்வளவுதான் என் கையிருப்பு. வீட்டுக்காரம்மா இனிப்பு செய்தால் முதல் தட்டு எனக்குத்தான். நீச்சல்குளத்துக்கு ஒரே ஒருநாள் போனேன், ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே துணி வைக்கிற பெட்டியை எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுத்தார், நான் காலை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிட்டேன். அவமானப்படவில்லையே என்று அவமானப்பட்டேன். யாராவது ஒருத்தன் என்னை ஒழுங்காக ஒதுக்கக் கூடாதா என்று தெருவில் நடக்கும்போது ஏங்கியிருக்கிறேன். தவசிமேல் பொறாமையே வந்தது, சொல்லிவிடுகிறேன், பொறாமைதான், அவனிடம் கிணறு இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று. அன்றைக்குச் சாயங்காலம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கிணற்றைக் குளமாக்கி, தோட்டத்தை நகரமாக்கி, பதினொன்றை இருபத்தேழாக்கினேன். அம்மாவை எடுத்துவிட்டேன், இடமில்லை. மோட்டாரைத்தான் விட மனசில்லை, அதற்குப் பதில் பலகை மாட்டினேன். ஹார்வுட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் தோளில் கை வைத்தார். இதை எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். கஷ்டமாகவே இல்லை, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

புத்தகம் வந்த அன்றைக்கு மங்கை மட்டும் கேட்டாள். மனைவியிடம் எதைத்தான் மறைக்க முடியும், படித்துவிட்டுச் சமையலறையிலிருந்தே, உங்களுக்கு நீச்சல் தெரியாதே என்றாள். ஆழமில்லாத பக்கம் என்றேன். ஓகோ என்றாள். அதற்குப் பிறகு என் புத்தகங்களைப் படிப்பதை விட்டுவிட்டாள். வக்கீல் மாதிரி வாதாடியிருக்கிறேன் எனக்கு நானே, எத்தனை வருஷம். தத்துவத்தில் நான் என்றால் வைத்தியலிங்கமா என்ன, அது யாரும் வந்து நிற்கிற இடம், வாடகை இடம். அவன் பேரைப் போட்டால் அவனுக்கு ஊரில் தொல்லை வராதா. அவனாக எழுதியிருந்தால் யார் அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் சரிதான், எல்லாம் சேர்ந்தால் திருட்டு. வகுப்பில் எத்தனையோ தடவை அந்தப் பக்கத்தை வாசித்திருக்கிறேன், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான், கண்ணை எடுக்காமல், பார்க்காமல் என் வாயால் சொன்னதே இல்லை, அதில் ஒரு நேர்மை இருக்கிறதாம், அட வெட்கங்கெட்டவனே. ஒரு வருஷம் ஒரு பெண் வகுப்பு முடிந்து என்னிடம் வந்து, சார், எனக்கு நடந்ததைச் சொல்ல இப்போது தைரியம் வந்தது என்று அழுதாள். அவளுக்குக் கிடைத்த தைரியம் நிஜம்தானே. பொய்யிலிருந்து நிஜமான தைரியம் வருமா, வந்ததே, அதற்கு என்ன செய்வது. சரி. போதும். இன்றைக்கு ஏற்புரையில் சொல்லிவிடுகிறேன். ஒரே வாக்கியம் போதும். இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நடப்பது எனக்கு நடந்ததல்ல, அதோ அங்கே உட்கார்ந்திருக்கிற தவசிக்கு நடந்தது. நீளமாக இருக்கிறது, பரவாயில்லை. சொன்னால் ஜெசிந்தாவின் இரண்டு வருஷ உழைப்பு போச்சு. ஒன்பது கட்டுரை போச்சு. என் பேர் போச்சு, போகட்டும், என்னோடதா அது. மேடையிலிருந்து இறங்கும்போது யாரும் கை கொடுக்க மாட்டார்கள், நானே பார்த்து இறங்க வேண்டும். தவசி தெரிந்துதான் வந்திருக்கிறான், மூன்று தடவை படித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும், எல்லார் முன்னாலும் கேட்கத்தான் வந்திருக்கிறான். கேட்டால் நல்லது. அவன் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

கூப்பிட்டுவிட்டார்கள். தவசி எழுந்து வருகிறான், ஒரு காலை லேசாகச் சாய்த்து வைத்து. வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. பதிப்பாளர் வண்ணக் காகிதத்தைப் பிரித்து முதல் பிரதியை நீட்டுகிறார், தவசி இரண்டு கையாலும் வாங்குகிறான், போட்டோவுக்கு நிற்கச் சொல்கிறார்கள், நான் நடுவில், என் தோள் அவன் தோளில் படுகிறது. இரண்டு வார்த்தை பேசுங்கள் ஐயா என்கிறாள் ஜெசிந்தா. மைக்கைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறான். இதோ வருகிறது, வரட்டும், அடி விழட்டும். வணக்கம் சொன்னான். தான் படிப்பைப் பாதியில் விட்டவன், மேடை புதிது என்றான். பிறகு கிணற்றைச் சொன்னான். எல்லார் முன்னாலும், நிதானமாக, அம்மா, களை, மோட்டார், எதையும் விடாமல். முதல் வரிசையில் துறைத்தலைவர் நிமிர்ந்து உட்கார்கிறார். அவன் சொன்னான்: “இத நான் ஒரே ஒருத்தன்கிட்டதான் சொல்லியிருக்கேன். வைத்திகிட்ட. தண்ணி பெருசாச்சுன்னு சொன்னேன். சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகம், தண்ணி எப்படிப் பெருசாகும், நமக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு. பொண்டாட்டி பிள்ளைககிட்டகூடச் சொன்னதில்ல. போன வாரம் இந்தப் புத்தகத்தப் படிச்சேன். சீமையில, அவ்வளவு படிச்சவனுக்கு, அதே மாதிரி ஆயிருக்கு. அங்கயும் மறுநா மூடிட்டாங்க. அவனுக்கும் தண்ணி பெருசாயிருக்கு. அப்பத்தான், எனக்குப் பைத்தியமில்லன்னு தெரிஞ்சுது.” குத்தலா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. தவசிக்குக் குத்திப் பேச வராது, அன்றைக்கும் வராது. கண் கலங்கியிருந்தது. ஜெசிந்தா அழுதேவிட்டாள். கை தட்டல் நிற்க நேரமாயிற்று. ஊர் வேறு, நிறம் வேறு, அனுபவத்தின் அமைப்பு ஒன்றுதான் என்று நான் இருநூறு பக்கம் வாதாடியதற்கு இதைவிடச் சாட்சி உண்டா என்று துறைத்தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது எனக்குக் கேட்கிறது.

அவனுக்கு மேடையிலேயே ஒரு நாற்காலி போட்டார்கள், என் பக்கத்தில். உட்கார்ந்தான். மேஜைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தான். பெரிய கை, கரடுமுரடு, சூடாக இருந்தது. இப்போது சொல்லிவிடு, மைக்கில்கூட வேண்டாம், காதில் சொல், ஒரே வாக்கியம். சொன்னால் நாளைக்கு இவன் மறுபடி அந்தக் கிணற்றில் தனியாக நிற்பான், ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே துணையையும் நான் படியேற்றிக் கூட்டிக்கொண்டு போனதாக ஆகும். நல்ல காரணம். என்னிடம் எப்போதும் நல்ல காரணம் ஒன்று இருக்கும். இவனுக்காகவா வாயை மூடுகிறேன், எனக்காகவா என்று எனக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும், கேட்காதீர்கள். அவன் என் பக்கம் சாய்ந்து, ரொம்ப மெதுவாக, விடுதியில் பேசுகிற குரலில் கேட்டான்.

“உனக்கு நடந்தப்ப யாருகிட்டயாவது சொன்னியா வைத்தி?”

“இல்ல தவசி. யாருகிட்டயும் சொல்லல” என்றேன். பக்கத்தைப் பார்க்காமல், என் வாயால்.

“நானாவது உன்கிட்ட சொன்னேன்” என்றான். “நீ அந்தக் குளிர்ல, தனியா, மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு... பாவம்டா நீ.”

ஏற்புரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். துறைத்தலைவருக்கு, பதிப்பாளருக்கு, ஜெசிந்தாவுக்கு, கூடம் கொடுத்த நிர்வாகத்துக்கு. தவசிக்கும் சொன்னேன். என்னைப் போலவே பட்டவன் என்றேன்.